ஆறு வத்திப்போன ஊர்ல நூறு பாட்டு

கலிஃபோர்னியால இருக்கிற ஃப்ரெஸ்னோவுக்கு வேலைக்கு வந்த புதுசுல வாரம் ஒரு தடவை பேக்கர்ஸ்ஃபீல்ட் வரைக்கும் போய் வரணும்னு சொல்லிட்டாங்க. 99ஆம் நம்பர் ஹைவேல போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். பாதாம் தோட்டம், திராட்சைத் தோட்டம், நடுவுல மாட்டுப் பண்ணை நாத்தம், திரும்ப பாதாம் தோட்டம். நான் வாங்கின பழைய கொரோலால ப்ளூடூத் கிடையாது, சிடி ப்ளேயர் மட்டும் எப்படியோ உயிரோட இருந்துச்சு. அதுக்குத் தீனி தேடி ஒரு செகண்ட்ஹேண்ட் கடைக்குப் போனவன் 18 டாலருக்கு ஒரு பெட்டிய தூக்கிட்டு வந்தேன். கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டோட 'டவுன் எவ்ரி ரோட்'. நாலு சிடி, நூறு பாட்டு, 1962ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும். ரசனைல எடுத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன், நூறு பாட்டு 18 டாலர்னா ஒரு பாட்டு 18 சென்ட்டுன்னு மனசு கணக்குப் போட்டுச்சு, அவ்ளோதான்.

கன்ட்ரி பாட்டுன்னா எனக்கு அதுவரைக்கும் தொப்பி, லாரி, கொடி, பியர். முதல் ஒரு மாசம் பெருசா ஒண்ணும் மாறல. எல்லாப் பாட்டும் ரெண்டரை நிமிஷம், எல்லாத்துலயும் அந்த ஸ்டீல் கிடார் வந்து அழுதுட்டுப் போகும், ஒருத்தன் குடிப்பான், ஒருத்தி போயிடுவா. மூணாவது சிடில ஒரு கீறல் வேற, ஒரு பாட்டு தாண்டவே தாண்டாது, அதே ரெண்டு வார்த்தைய திக்கித்திக்கிச் சொல்லிட்டே இருக்கும், நான் டுலேரி தாண்டுற வரைக்கும் பொறுத்துட்டு அப்புறம் கையால தட்டித் தாண்ட வைப்பேன். ஆனா வேற வழியில்லாம ஒரே ஆளோட பாட்டை வரிசையா, வருஷ வாரியா, திரும்பத் திரும்பக் கேட்டா ஒண்ணு நடக்குது பாருங்க. பாட்டு தனித்தனியா கேக்குறது நின்னு போய் ஆளு கேக்க ஆரம்பிச்சிடுறாரு. ஹிட் பாட்டு மட்டும் பொறுக்கிப் போட்ட சிடில அது நடக்காது. அங்க ஒவ்வொரு பாட்டும் மேடைல ஏறி நின்னு கை காட்டும். இங்க ரெண்டு ஹிட்டுக்கு நடுவுல ஓடாம போன நாலு பாட்டு இருக்கும், அதுலதான் மனுஷன் சட்டை பட்டன கழட்டிட்டு உக்காந்திருப்பாரு.

பெட்டியோட பேரே ஒரு பாட்டுல வர்ற வரிதான். எந்த ரோட்டுல போனாலும் கடைசில இன்னொரு ஊரு இருந்துக்கிட்டே இருக்குங்கிற மாதிரி வரும். 'ஐ'ம் அ லோன்சம் ஃப்யூஜிடிவ்', போலீஸுக்குப் பயந்து ஓடிட்டே இருக்கிற ஒருத்தனோட பாட்டு. 1967ல கன்ட்ரி சார்ட்ல அவருக்கு முதல் நம்பர் ஒன். மொத்தம் 38 நம்பர் ஒன் வாங்கினவரு, ஆரம்பம் இதுதான். இந்தப் பாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்குத்தான் நான் இந்தப் பெட்டிக்குள்ள நிஜமா விழுந்தேன்.

கதை இதுதான். மெர்ல் ஹாகர்ட் நிஜமாவே ஜெயிலுக்குப் போய் வந்தவரு. 1937ல பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்துல ஆயில்டேல்னு ஒரு ஊர்ல பொறந்தாரு. ஒன்பது வயசுல அப்பா செத்துட்டாரு, அதுக்கப்புறம் பையன் அம்மா பேச்சுக்கு அடங்கல. சரக்கு ரயில்ல ஏறி ஓடுறது, சின்னச் சின்னத் திருட்டு, சீர்திருத்தப் பள்ளிக்கூடம், அங்க இருந்து தப்பிக்கிறது, திரும்பப் பிடிபடுறது. கடைசில இருபது வயசுல நல்ல போதைல ஒரு சாப்பாட்டுக் கடைல கொள்ளையடிக்கப் போறாரு. நடுராத்திரி, கடை மூடியிருக்குன்னு நெனச்சுப் பின்பக்கக் கதவை நெம்பிட்டிருக்காரு. கடை திறந்துதான் இருக்கு, உள்ள ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. இதைவிடக் கேவலமா ஒரு கொள்ளைய யாரும் திட்டம் போட முடியாது. உள்ளூர் ஜெயில்ல போட்டாங்க, அங்க இருந்தும் வெளில நழுவி மாட்டிக்கிட்டாரு, 1958ல சான் குவென்டின்ங்கிற பெரிய ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. பதினஞ்சு வருஷம் வரைக்கும் இழுக்கக்கூடிய தண்டனை. உள்ளயே பியர் காய்ச்சி மாட்டி கொஞ்ச நாள் தனிமைச் சிறைல கிடந்திருக்காரு, பக்கத்துல மரண தண்டனைக் கைதிங்க. அதுல இருந்து ஆளு கொஞ்சம் திருந்துறாரு. ரெண்டே முக்கால் வருஷத்துல, 1960ல, பரோல்ல வெளிய வர்றாரு. அண்ணன்கிட்ட எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட்ல பள்ளம் தோண்டுற வேலை, ராத்திரி பேக்கர்ஸ்ஃபீல்ட் பார்ல பாட்டு.

இதையெல்லாம் அவரு வெளிய சொல்லவே இல்ல. ரெக்கார்ட் வந்து, பேர் வந்து, டிவில முகம் வந்தப்புறமும் பயந்துட்டே இருந்திருக்காரு, என்னிக்காவது யாராவது "ஏய் இவன் என்கூட ஜெயில்ல இருந்தவன்"னு கை நீட்டிடுவான்னு.

இப்ப அந்தப் பாட்டுக்கு வாங்க. 'ஃப்யூஜிடிவ்' அவரு எழுதினது இல்ல. லிஸ் ஆண்டர்சன்னு ஒரு அம்மா, தன் கணவரோட சேர்ந்து எழுதினது. அவங்களுக்கு இந்த ஜெயில் கதை எதுவும் தெரியாது! அப்ப டிவில ஓடிட்டிருந்த ஒரு தொடரோட பாதிப்புல, ரோட்டுல போயிட்டிருக்கும்போது எழுதியிருக்காங்க. அதைக் கொண்டுவந்து நிஜமாவே தப்பி ஓடினவன் கைல கொடுக்கிறாங்க. அவரு எப்படி உக்காந்து கேட்டிருப்பாருன்னு நெனச்சுப் பாருங்க.

அதே லிஸ் ஆண்டர்சன்தான் அதுக்கு முன்னாடி 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' பாட்டையும் கொடுத்தவங்க. அந்தக் கதை இன்னும் நல்லாயிருக்கும். சாக்ரமென்டோல ஒரு கச்சேரி முடிஞ்சு, யாரோ ஒரு பொம்பள பாட்டு எழுதுவாங்களாம், வீட்டுக்கு வந்து கேளுங்கன்னு பாடகி பானி ஓவன்ஸ் இவரை இழுத்துட்டுப் போறாங்க. இவருக்குத் துளி இஷ்டமில்ல, தூக்கம் வருது, ஒரு வீட்டம்மா எழுதின பாட்டை உக்காந்து கேக்கணுமான்னு முனகிட்டே போறாரு. அந்தம்மா காலால மிதிக்கிற ஒரு பழைய ஆர்மோனியம் மாதிரியான ஆர்கன் முன்னாடி உக்காந்து ஒண்ணு பாடினாங்க, அடுத்தது பாடினாங்க, இவரு நிமிர்ந்து உக்காந்துட்டாரு. எல்லாம் ஹிட்டாகுற பாட்டு. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' 1965ல டாப் டென்குள்ள போச்சு, அவரோட பேண்டுக்குப் பேரே அதுல இருந்துதான் 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்'னு வந்துச்சு, கேப்பிட்டல் ரெக்கார்ட் கம்பெனி கூப்பிட்டதும் அதுக்கப்புறம்தான். முனகிட்டே போன ராத்திரிதான் சோறு போட்டுச்சு.

நமக்கு ஒருத்தர் எழுத ஒருத்தர் மெட்டுப் போட ஒருத்தர் பாட இன்னொருத்தர் வாயசைக்கிறது பிறந்ததுல இருந்து பழகின சங்கதி. அதனால பாட்டுல வர்ற "நான்" யாருன்னு நாம பெருசா மண்டைய உடைச்சுக்கறது இல்ல. கன்ட்ரில அப்படி இல்ல, அங்க பாடுறவன் வாழ்ந்திருக்கணும், அவன் அனுபவிச்சதத்தான் பாடணும்னு ஒரு எழுதாத சட்டம். ஹாகர்டைப் பத்தி எழுதுற எல்லாரும் இதைத்தான் தூக்கிப் பிடிப்பாங்க, பாடினது பூரா அவரு வாழ்க்கைன்னு. பெட்டிய வரிசையா கேட்டா அது அப்படி இல்லைன்னு கொஞ்சம் கொஞ்சமா பிடிபடுது.

'மாமா ட்ரைட்' எடுத்துக்கோங்க. 1968. அம்மா எவ்வளவோ பாடுபட்டா, நான்தான் கேக்கலன்னு சொல்ற பாட்டு, அமெரிக்கால இந்தப் பாட்டு தெரியாத லாரி டிரைவர் கிடையாது. இருபத்தோரு வயசு ஜெயில்ல ஆச்சுன்னு அதுல வரும். அது நிஜம், சான் குவென்டின்ல இருக்கும்போதுதான் அவருக்கு இருபத்தொண்ணு ஆச்சு. ஆனா அதே வரில, பரோலே கிடையாத ஆயுள் தண்டனைன்னும் வரும். அது சுத்தப் பொய். பரோல்ல வெளிய வந்ததாலதான் இந்தப் பாட்டையே பாட முடிஞ்சுது! ஒரே வரில பாதி உண்மை பாதி பொய், சேர்ந்து ஓடுது. தன்னோட ரெண்டே முக்கால் வருஷம் அம்மாவுக்கு ஆயுள் தண்டனை மாதிரி இருந்துச்சுன்னு சொல்ல வந்தாரோ, இல்ல எதுகைக்குப் போட்டாரோ. எனக்கு முதலாவதுதான் சரின்னு படுது, ஆனா எதுகைன்னு சொன்னாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். அந்தப் பாட்டோட ஆரம்பத்துல வர்ற டோப்ரோ கிடார் வாசிச்சது ஜேம்ஸ் பர்ட்டன், பின்னாடி எல்விஸ் ப்ரெஸ்லி பேண்டுல போய்ச் சேர்ந்தவரு. அந்த நாலு நொடிக்காகவே வால்யூம் கூட்டி வைப்பேன்.

அடுத்த வருஷம் 'ஹங்க்ரி ஐஸ்'. கூலிக்காரங்க கேம்ப்ல கித்தான் போட்ட குடிசை, அதுல அம்மா, அம்மா கண்ணுல தெரியிற ஏக்கம். எனக்கு நூறுல முதல் மூணு சொல்லுன்னா இது உள்ள வரும். ஆனா இதுவும் அப்படியே அவரு வீட்டுக் கதை இல்ல. அவங்க குடும்பம் ஓக்லஹோமால இருந்து வந்தது நிஜம், 1934ல கொட்டகை எரிஞ்சு போய் அடுத்த வருஷம் கலிஃபோர்னியா வந்தாங்க, அந்தக் காலத்துல புழுதிப் புயலும் பஞ்சமும் சேர்ந்து லட்சக்கணக்குல ஆளுங்க இந்தப் பக்கம் பெயர்ந்து வந்தாங்க, இவங்களை இங்க "ஓக்கி"ன்னு ஏளனமா கூப்பிட்டாங்க. ஆனா ஹாகர்ட் அப்பாவுக்கு சான்டா ஃபே ரயில்வேல வேலை கிடைச்சுது, சொந்தமா ஒரு வீடு இருந்துச்சு. வீடுன்னா, ரயில் பெட்டி. ஐஸ் வச்சு பழம் காய் ஏத்திட்டுப் போற பழைய சரக்குப் பெட்டி ஒண்ண வாங்கி, ஜன்னல் வெட்டி, ரூம் இழுத்து, வீடாக்கிட்டாரு அந்த மனுஷன்.

அந்த வீடு இப்பவும் இருக்கு. 2015ல ஆயில்டேல்ல இருந்து கிளப்பிக் கொண்டுவந்து கெர்ன் கவுன்டி மியூசியத்துல வச்சிருக்காங்க. ஒரு வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிஞ்சுதுன்னு போய்ப் பாத்தேன். ரயில் பெட்டின்னதும் நான் என்னமோ கருப்பா துருப்பிடிச்சு ஒண்ணை எதிர்பாத்தேன். சாதாரண சின்ன வீடு மாதிரி இருக்கு, தெரியாம போனா ரயில் பெட்டின்னே தோணாது. தெரிஞ்சு பாத்தா அந்த நீள வாக்குல தெரியுது. சுத்தி வந்து நின்னு பாத்தேன். ஒரு ஆளு ரயில்வேல வேலை முடிச்சுட்டு வந்து, இருட்டுறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஒரு சரக்குப் பெட்டிய வீடாக்குறாரு, பையனுக்கு ஒன்பது வயசாகும்போது போய்ச் சேர்ந்துடுறாரு. இந்த அப்பா பாட்டுல அம்மா அளவுக்கு வர்றதே இல்லைங்கிறதை நான் அங்க நின்னுதான் கவனிச்சேன். ஜெயில் வருது, ரயில் வருது, அம்மா வருது. அப்பா ஒரு ஓரமா வந்துட்டுப் போவாரு. கித்தான் குடிசைல இருந்திருந்தா எழுதிடலாம், கையால கட்டின வீட்டை எழுதுறது கஷ்டமோ என்னமோ.

பொய் சொல்றாருன்னு நான் குறை சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. 'சிங் மீ பேக் ஹோம்' கேட்டீங்கன்னா புரியும். மரண தண்டனைக்குப் போற கைதி ஒருத்தன் போற வழில நின்னு, கிடார் வச்சிருக்கிற நண்பன்கிட்ட ஒரு பாட்டு பாடுடான்னு கேக்குறான். இதுக்குப் பின்னாடி நிஜமா ஒருத்தன் இருந்தான், ஜெயில்ல ராபிட்னு கூப்பிடுவாங்க. ஜெயில் மரப்பட்டறைல செஞ்ச ஒரு பெரிய மேஜைக்குள்ள ஒளிஞ்சு வெளிய போறதுக்குத் திட்டம் போட்டவன், ஹாகர்டையும் வர்றியான்னு கேட்டவன், அப்புறம் அவனே "நீ வராத, உன்கிட்ட பாட்டு இருக்கு, நீ வெளிய போய் ஏதாவது ஆவ"ன்னு தடுத்தவன். அவன் மட்டும் போனான், வெளிய ஒரு போலீஸ்காரரைச் சுட்டான், பிடிபட்டான், மரண தண்டனை. பாட்டுல மேஜை இல்ல, போலீஸ்காரர் இல்ல, தப்பிச்ச கதை எதுவுமே இல்ல. நடந்து போறவன், ஒரு கிடார், ஒரு பழைய பாட்டு, அவ்வளவுதான் மிச்சம் வச்சிருக்காரு. இத்தனை பரபரப்பான கதை கைல இருந்தும் அதை எழுதாம விட்டதுக்கு ஒரு தில்லு வேணும். நான் முதல் தடவை இந்தப் பாட்டை ஒழுங்கா கேட்டது டெலானோ பக்கத்துல, வண்டிய ஓரம் கட்டல கிட்டல, அந்த மாதிரி சினிமாத்தனமெல்லாம் இல்ல, ஆனா எக்ஸிட்டை விட்டுட்டேன், ஏழு மைல் சுத்தி வந்தேன்.

ரகசியம் உடைஞ்ச கதையும் சொல்லிடுறேன். ஹாகர்ட் சான் குவென்டின்ல இருந்தப்போ ஒரு புத்தாண்டு அன்னிக்குப் பாடகர் ஜானி கேஷ் அங்க வந்து பாடினாரு. குரல் கட்டிப் போயிருந்தும் அத்தனை கைதிங்களையும் கைக்குள்ள வச்சிருந்தாராம். வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் சந்திச்சப்போ இவரு அந்த ஷோவைப் பத்திப் பேச, நீ அன்னிக்குப் பாடின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லையேன்னு கேஷ் கேட்டிருக்காரு. பாடல, நான் கீழ உக்காந்து கேட்டுட்டிருந்தேன்னு இவரு சொன்னாராம். அப்புறம் கேஷ்தான் தன்னோட டிவி ஷோல இதைச் சொல்லிடு, நீயே சொல்லிட்டா எவனும் உன்னை மிரட்ட முடியாதுன்னு சம்மதிக்க வச்சாரு. சொன்னாங்க. ஜனங்க கோவிக்கல, இன்னும் நெருங்கி வந்தாங்க. 1972ல அப்ப கவர்னரா இருந்த ரொனால்ட் ரீகன் முழு மன்னிப்பும் கொடுத்துட்டாரு.

சத்தத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரான நாஷ்வில்ல அப்ப வயலின் கூட்டம், பின்னாடி கோரஸ்னு கன்ட்ரிய கோட்டு சூட்டு போட்டு உக்கார வச்சிட்டிருந்த நேரம். பேக்கர்ஸ்ஃபீல்ட்ல பார்ல சண்டை சத்தத்தையும் தாண்டிக் கேக்கணும், அதனால டெலிகாஸ்டர் கிடார், அது அந்த மாநிலத்துலயே செஞ்ச கிடார்தான், தகரத்துல அடிச்ச மாதிரி வெடுக்குன்னு ஒரு சத்தம். ராய் நிக்கல்ஸ் வாசிக்கிறதக் கேட்டா புரியும், கோழி கொத்துற மாதிரி நரம்பைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பாரு. பதினாறு வயசுலயே பெரிய பேண்டுல வாசிச்ச ஆளு. ஹாகர்ட் ஒரு காலத்துல பாடகர் வின் ஸ்டூவர்ட் பேண்டுல பேஸ் கிடார் வாசிக்கச் சேர்ந்தப்போ நிக்கல்ஸ் அங்க இருந்தாரு, அப்புறம் இவரு தனியா வந்ததும் கூட வந்து இருபது வருஷத்துக்கு மேல நகரவே இல்ல. பெட்டில ஹாகர்டுக்கு அடுத்து நான் அதிகமா கேட்ட குரல் அந்த கிடார்தான்.

ஹாகர்ட் குரல்? முதல் சிடில அவருக்கு இன்னும் சொந்தக் குரல் வரல. லெஃப்டி ஃப்ரிசெல்ங்கிற பாடகரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஃப்ரிசெல் ஒரு உயிரெழுத்தைப் பிடிச்சு வளைச்சு, மடிச்சு, நாலு படியா இறக்குவாரு, இவரு அதை அப்படியே செய்வாரு. பதினாறு வயசுல இவரு ஃப்ரிசெல் கச்சேரிக்குப் போக, மேடைக்குப் பின்னாடி இவன் பாடுறதக் கேட்டுட்டு, இந்தப் பையன் முதல்ல பாடட்டும், அப்புறம்தான் நான் ஏறுவேன்னு ஃப்ரிசெல் அடம் பிடிச்சாராம். ஆரம்பப் பாட்டுல அந்தக் கடன் பச்சையா தெரியுது. சிடி மாற மாற குரல் கீழ இறங்குது, அலங்காரம் குறையுது, வார்த்தையத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடி விட்டு, பேசுற மாதிரி விடுறாரு. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க, இந்த மனுஷனுக்கு வயசாக வயசாக ஏறுமுகம்.

'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி'யைத் தொடாம போனா விட மாட்டீங்க. 1969, வியட்நாம் போர், ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கு. பஸ்ல போகும்போது ஓக்லஹோமால மஸ்கோகின்னு ஒரு ஊர் போர்டு, டிரம்மர் எட்டி பர்ரிஸும் இவரும் விளையாட்டா ஆரம்பிச்சு எழுதினது, எங்க ஊர்ல கஞ்சா அடிக்க மாட்டோம், நீள முடி வளக்க மாட்டோம்னு. ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு, இன்னொரு பாதி காறித் துப்புச்சு. ஹாகர்ட் பின்னாளில கேக்குறவங்களுக்குத் தகுந்த மாதிரி ஒவ்வொரு பதில் சொன்னாரு, ஒரு நாள் விளையாட்டுன்னு, ஒரு நாள் அப்பாவ நெனச்சு எழுதினேன்னு, ஒரு நாள் அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. கஞ்சா விஷயத்துல அவரே கட்சி மாறினது ஊரறிஞ்சது. எனக்கு இதைவிடப் பெருசாப் படுறது அடுத்து நடந்தது. 'ஓக்கி'க்கு அப்புறம் அவரு விடணும்னு ஆசைப்பட்டது 'இர்மா ஜாக்சன்'. வெள்ளைக்காரப் பையன், கருப்பினப் பொண்ணு, சின்ன வயசுல இருந்து பழக்கம், ஊர் பிரிச்சு வைக்குது. தயாரிப்பாளர் கென் நெல்சன் வேணாம்னுட்டாரு. அதுக்குப் பதிலா வந்தது, நாட்டைக் குறை சொல்றவன் மூட்டையக் கட்டட்டும்கிற மாதிரி இன்னொரு முறுக்கு மீசைப் பாட்டு. 'இர்மா ஜாக்சன்' 1972லதான் வெளிய வந்துச்சு. நல்ல பாட்டா? சுமார்தான், கொஞ்சம் பாடம் நடத்துது. ஆனா வரிசை மாறியிருந்தா இவரைப் பத்தி ஜனங்க பேசுற பேச்சே மாறியிருக்கும்.

எழுபதுகள்ல எனக்குப் பிடிச்சது 'இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்', 1973. ஃபேக்டரில வேலை போனவன், கிறிஸ்துமஸ் வருது, பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இதுக்கு விதை ராய் நிக்கல்ஸ் போட்டது. அவரு வீட்டுல என்னமோ பிரச்சனை, எப்படி இருக்கன்னு கேட்டதுக்கு, டிசம்பரத் தாண்டிட்டா சமாளிச்சிடுவோம்னு சொல்லியிருக்காரு. கல்யாணத்தைப் பத்தி ஒருத்தன் சொன்ன வார்த்தைய எடுத்து வேலை போனவன் வாயில வச்சுட்டாரு பாருங்க. லே ஆஃப் மெயில் வர்ற மாசங்கள்ல இந்தப் பாட்டை நான் போடுறதே இல்ல.

'பிக் சிட்டி'யும் அப்படித்தான். 1981ல லாஸ் ஏஞ்சலஸ்ல ரெக்கார்டிங், வெளிய பஸ்ல டிரைவர் டீன் ஹாலோவே காத்துக் கிடக்காரு, சின்ன வயசு சிநேகிதன். என்னடா எப்படி இருக்கன்னு கேட்டா, இந்த அழுக்குப் பிடிச்ச ஊரு எனக்குச் சலிச்சுப் போச்சுன்னு பொரிஞ்சு தள்ளிட்டாரு. ஹாகர்ட் அங்கயே பேப்பரை எடுத்து எழுதி, பேண்டு கிளம்புறதுக்குள்ள உள்ள போய்ப் பதிவு பண்ணிட்டு, எழுதினவங்க பேர்ல டிரைவருக்கும் பாதி போட்டுட்டாரு. சலிச்சுக்கிட்டதுக்கு ராயல்டி வாங்கின ஒரே டிரைவர் அவராத்தான் இருப்பாரு.

பானி ஓவன்ஸுக்கும் அப்படிப் பாதி உண்டு. 'டுடே ஐ ஸ்டார்ட்டட் லவிங் யூ அகைன்', 1968ல வேற ஒரு ஹிட்டோட பின்பக்கத்துல ஒளிஞ்சு வந்த பாட்டு, இவரு பாடினது சார்ட்ல ஏறவே இல்ல, ஆனா அதை எடுத்துப் பாடாத ஆளே இல்லைங்கிற அளவுக்கு ஆகிப்போச்சு. பானி அப்ப அவரு மனைவி, அதுக்கு முன்னாடி பக் ஓவன்ஸோட மனைவி, பேக்கர்ஸ்ஃபீல்டோட ரெண்டு பெரிய பாடகருக்கும் வாழ்க்கைப்பட்டவங்க. விவாகரத்துக்கு அப்புறமும் அதே பேண்டுல பின்னாடி நின்னு பாடினாங்க, இவரு அடுத்த கல்யாணம் பண்ணப்போ மணப்பெண்ணுக்குத் தோழியா நின்னாங்க! பின்குரலா அவங்க வர்ற பாட்டெல்லாம் இப்ப எனக்கு வேற மாதிரி கேக்குது, அவரு வரியை முடிக்கிற எடத்துல அவங்க ஒரு நூல் தள்ளி நிப்பாங்க.

கடைசிப் பகுதில எனக்குக் கொஞ்சம் குறை இருக்கு. எண்பதுகள் தாண்டினதும் கீபோர்டு வழவழன்னு வந்து உக்காந்துக்குது, கம்பெனியும் மாறிட்டே இருக்கு. ஆனா பல கம்பெனி பாட்டை ஒரே பெட்டில கொண்டுவந்தாங்களே, அதுக்கு ஒரு கும்பிடு. பெரிய குறை, 1994ல நிறுத்திட்டாங்க. 1996ல வந்த பெட்டி, அதுக்கு மேல என்ன பண்ணுவாங்க. ஆனா மனுஷன் 1994க்கு அப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தாரு. 2000ல வந்த 'இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை' ஆல்பம் இல்லாம அவரு கதை முடியாது. நுரையீரல்ல புத்துநோய் வந்து 2008ல ஆபரேஷன் பண்ணியும் பாடினாரு.

இப்ப ஆறு. பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் ஆயில்டேலுக்கும் நடுவுல கெர்ன் ஆறு. 99ல பாலத்தைத் தாண்டுறப்போ நான் ஒவ்வொரு வாரமும் எட்டிப் பாப்பேன், பெரும்பாலும் மணல்தான், தண்ணிய மேலயே கால்வாய்ல திருப்பி விட்டுடுறாங்க. அந்தப் பக்கம் எண்ணெய் இறைக்கிற பம்புங்க தலைய ஆட்டிட்டே நிக்கும். மலைக்குள்ள போனா அதே ஆறு வேற ஆளு. பள்ளத்தாக்கு வாசல்ல ஒரு போர்டு, இறங்காதீங்க, 1968ல இருந்து இத்தனை பேர் செத்திருக்காங்கன்னு எண்ணிக்கை, 300ஐத் தாண்டியாச்சு, நம்பரை மாத்திட்டே இருக்காங்க. 1985ல 'கெர்ன் ரிவர்'னு ஒரு பாட்டு. காதலிச்சவ அந்த ஆத்துல போயிட்டா, நான் இனிமே அதுல நீந்த மாட்டேன், அவ்ளோதான் கதை. பெருசா ஆழமும் இல்ல அகலமும் இல்ல, ஆனா பொல்லாத தண்ணின்னு சொல்லுவாரு. குரல்ல ஒரு சொட்டு அழுகை கிடையாது. இதுவும் அவரு வாழ்க்கைல நடந்தது இல்ல, கற்பனைதான். ஆனா நூறுல என்னை நம்ப வைக்கிற பாட்டு எதுன்னு கேட்டா இதத்தான் சொல்லுவேன், ஜெயிலுக்குப் போனவன் பாடின ஜெயில் பாட்டை எல்லாம் விட்டுட்டு.

2016 ஏப்ரல் 6, அவரோட எழுபத்தொன்பதாவது பொறந்தநாள் அன்னிக்கே போயிட்டாரு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பிப்ரவரில, கடைசியா ஒண்ணு பதிவு பண்ணாரு, கிடார் வாசிச்சது மகன் பென். பேரு 'கெர்ன் ரிவர் ப்ளூஸ்'. பேக்கர்ஸ்ஃபீல்டை விட்டுக் கிளம்பினதப் பத்தி, அந்தப் பழைய பார் எல்லாம் போனதப் பத்தி, ஆறு வத்தினதப் பத்தி. மூச்சு வாங்குறது தெரியுது, மறைக்கவும் இல்ல. அதைத் தனியா ஒரு சிடில எழுதி, மார்க்கர்ல அஞ்சுன்னு போட்டு வச்சிருக்கேன். பெட்டில நாலு சிடிக்குத்தான் எடம், அது க்ளவ் பாக்ஸ்ல இன்சூரன்ஸ் பேப்பரோட கிடக்கு, அதுலயும் இப்ப கீறல் விழ ஆரம்பிச்சிடுச்சு.